ஒரு யூனிட்டுக்கு இருபதாயிரம் தண்டால்

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் தரையில் கையூன்றித் தண்டால் எடுக்கும்போது உடம்பின் முழுப் பாரமும் கைகளுக்கு வருவதில்லை. கால்விரல்கள் தம் பங்கைத் தாங்கிக்கொள்கின்றன. கைகளில் இறங்குவது ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. அதை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த உயரம் தூக்குகிறார். பள்ளிக்கூடத்துப் பௌதிகக் கணக்குப்படி அது சுமார் 180 ஜூல் வேலை. ஒன்பது வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்று இருபது விநாடி எரிய இவ்வளவு வேண்டும். மின்சாரப் பட்டியலில் வரும் ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, ஒரு யூனிட்டுக்கு இருபதாயிரம் தண்டால்.

வேறு எந்த ஊரிலாவது இருந்தால் இந்தக் கணக்கு எனக்கு வந்திருக்காது. நுரைச்சோலையில் எந்தப் பக்கம் நின்று கையைத் தூக்கினாலும் பார்வையில் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி விழுகிறது. 2006இல் கட்டத் தொடங்கி, 2011இல் முதல் இயந்திரம் ஓடி, 2014இல் மூன்றும் முடிந்தன. ஒவ்வொன்றும் 300 மெகாவாட், மொத்தம் 900. நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இந்த மணலிலிருந்து போகிறது. ஒரு யூனிட்டுக்கு உத்தேசமாக 400 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். மூன்று இயந்திரமும் முழுமூச்சில் ஓடினால் ஒரு நாளைக்கு 7,000 தொன்னுக்கு மேல். நல்ல உடற்கட்டுள்ள ஒரு மனிதன் தொடர்ந்து கொடுக்கக்கூடிய வலு 100 வாட் என்று வைத்துக்கொண்டால், அந்த 900 மெகாவாட்டுக்கு 90 லட்சம் பேர் ஒரே நேரத்தில் மிதிக்க வேண்டும். இலங்கையின் சனத்தொகை இரண்டேகால் கோடிக்குள். கிழவர்களையும் குழந்தைகளையும் நோயாளிகளையும் கழித்துவிட்டால் மிஞ்சுகிறவர்களை ஒரு ஷிப்டுக்கு நிறுத்துவதே கஷ்டம்.

கடற்கரையில் அஸர் தொழுகைக்குப் பிறகு சில பையன்கள் வருவார்கள். ஒருவன் என்னிடம் சொன்னான்: “நானா, மெஷின் ஒண்டும் தேவயில்லயாம். போன்ல பாத்தன். நம்மட உடம்பே போதுமாம்.” தண்டால், பஸ்கி, பலகை போல உடம்பை நீட்டிப் பிடிப்பது, படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கி எழுவது. கடேற் பயிற்சியில் டிப்ஸ் என்று படித்த தண்டாலுக்கும் மற்றவற்றுக்கும் புதுப் பெயர்கள் வந்திருக்கின்றன, அவ்வளவுதான். அவன் பார்த்த அதே காணொளியில் இன்னொரு பாதியும் இருந்ததாம்: துணிப்பை கொண்டு போ, மாடிப்படி ஏறு, சைக்கிளில் போ, பூமியையும் காப்பாற்று. நுரைச்சோலையில் ஏறுவதற்கு மாடிப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டு இறங்கிப் பஸ்கி எடுக்கப் போனான்.

உடம்பே போதும் என்ற அந்த வாக்கியத்தில் எனக்குச் சம்மதமும் உண்டு, சங்கடமும் உண்டு. சம்மதம் எளிது. தசைகளுக்கு இரும்புக்கும் சொந்தப் பாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எதிர்ப்பு இருந்தால் சரி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் நடுத்தர உழைப்பு, அத்துடன் இரண்டு நாளாவது தசைகளைப் பலப்படுத்தும் பயிற்சி என்று இருக்கிறது. கருவி வேண்டும் என்று எங்கும் இல்லை. சீனி வருத்தமும் பிரஷரும் இல்லாத வீடு தேடித் திரிய வேண்டிய நாட்டில், காசு கேட்காத மருந்து ஒன்று கையிலேயே, சொல்லப்போனால் கையாகவே, இருக்கிறது.

சங்கடம் அதே கடற்கரையில் ஐம்பது அடி தள்ளி நடக்கிறது. அங்கே கரைவலை இழுக்கிறார்கள். இடுப்பில் கட்டிய சிறு கயிற்றை வலையின் பெருங்கயிற்றோடு கொளுவிக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்து, குதிகாலை மணலில் புதைத்து ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைக்கிறார்கள். கை அதிகம் இழுப்பதில்லை. சாய்ந்த உடம்பின் பாரம்தான் இழுக்கிறது. சொந்தப் பாரத்தில் செய்யும் பயிற்சி என்றால் இதைவிடச் சுத்தமான உதாரணம் கிடையாது. ஆனால் வலையின் மடி கரையேறிய பிறகு அந்த மனிதர்கள் உட்காரும் விதத்தைப் பாருங்கள். ஒரு கை முழங்காலில், மறு கை முதுகில். நாற்பது வயதுக்காரர் எழுந்திருப்பதற்கு இரண்டு தவணை எடுக்கிறார். பக்கத்தில் டிப்ஸ் அடித்த பையன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு துள்ளிப் போகிறான்.

உழைக்கிறவனுக்கு எதற்கு உடற்பயிற்சி என்று கேட்பது நம்மூர் வழக்கம். அந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் விஞ்ஞானமும் ஆதரவாக இருந்தது. 1953இல் ஜெரமி மோரிஸ் லண்டன் பஸ்காரர்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார். இரட்டைத் தட்டு பஸ்ஸில் ஒரே சம்பள வர்க்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர்: ஒருவர் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுகிறார், மற்றவர் டிக்கட் கொடுக்க ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி ஏறுகிறார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு. உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை உலகம் எண்ணிக்கையாகப் பார்த்தது அப்போதுதான். (லண்டனில் ஓடிக் களைத்த ஆர்.டி. வகை இரட்டைத் தட்டு பஸ்கள் பிறகு நூற்றுக்கணக்கில் இலங்கைக்கு வந்து இலங்கைப் போக்குவரத்துச் சபைக்காக ஓடின. அந்தப் படிகளில் ஏறிய நம் கண்டக்டர்களை யாரும் எண்ணவில்லை.)

அரை நூற்றாண்டுக்குப் பிறகு வேறொரு கணக்கு வந்தது. டென்மார்க், நெதர்லாந்து ஆய்வாளர்கள் வேலையில் செய்யும் உழைப்பையும் ஓய்வில் செய்யும் பயிற்சியையும் பிரித்துப் பார்த்தார்கள். 2018இல் வந்த தொகுப்பாய்வில் ஏறக்குறைய 1,94,000 பேரின் தரவு இருந்தது. கடுமையான உடலுழைப்பு வேலை செய்த ஆண்கள், குறைவான உழைப்புள்ள வேலை செய்த ஆண்களைவிட முன்கூட்டியே இறக்கும் வாய்ப்பு 18 சதவீதம் கூடுதல். பெண்களிடம் அப்படித் தெரியவில்லை. காரணங்களாகச் சொல்லப்படுபவை கடற்கரையில் நின்று பார்த்தாலே விளங்குகிறவை. பயிற்சி செய்பவன் அரை மணித்தியாலம் இதயத்தை ஓட விட்டு நிறுத்துகிறான், பிறகு தின்று தூங்குகிறான். வலை இழுப்பவனுக்கு எப்போது நிறுத்துவது என்று சொல்ல அதிகாரம் இல்லை. அது வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடமும் மீனிடமும் இருக்கிறது. மணிக்கணக்காக ஒரே பக்கம் சாய்கிற முதுகு, நாள் முழுக்க இறங்காத இரத்த அழுத்தம், நாளைக்கும் இதே. மோரிஸின் கண்டக்டருக்குப் படி ஏறுவதற்கு இடையில் நின்று சில்லறை எண்ண நேரம் இருந்தது.

உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டிக் கரைவலை இழுப்பது இந்தக் கரைகளில் வந்தபோது பெரிய தகராறானது. கடலடியைச் சுரண்டுகிறது, ஆட்களின் வேலை போகிறது என்று ஒரு பக்கம். ஆள் கிடைப்பதில்லை என்று மறுபக்கம். இரண்டும் உண்மை. அந்த வாதப் பிரதிவாதங்களில் முதுகைப் பற்றி யாராவது பேசினார்களா என்று தேடினேன். சுற்றாடலுக்கு நல்லது மனித வலு என்று கரையில் நின்று சொல்வது சுகம்.

நிலக்கரிக்கும் கரைவலைக்கும் ஒரே பருவம் என்பதை இங்கே வெகுகாலம் இருந்தவர்கள் கவனித்திருப்பார்கள். ஐப்பசி தொடங்கிச் சித்திரை வரை கடல் படிந்திருக்கும். அப்போதுதான் வலை வளைக்கலாம். அப்போதுதான் கரைக்குத் தள்ளி நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து நிலக்கரியைப் பார்ஜ்களில் ஏற்றி இறங்குதுறைக்குக் கொண்டுவரலாம். தென்மேல் பருவம் எழுந்தால் இரண்டும் நின்றுவிடும். வலையைச் சுருட்டி வாடிக்குள் வைக்கலாம். நிலக்கரியை அப்படி வைக்க முடியாது. அடுத்த பருவம் வரைக்குமான கரி திறந்த வெளியில் மலையாகக் கிடக்க, அதன்மேல் மாதக்கணக்காகச் சோளகம் வீசுகிறது. காற்றின் திசை கடலிலிருந்து ஊருக்கு. காற்றுத் தடுப்பு வேலி கட்டினார்கள், தண்ணீர் தெளிக்கிறார்கள், சாம்பலில் ஒரு பகுதி சீமெந்துக்குப் போகிறது. இருந்தும் இலந்தையடிப் பக்கத்து மக்கள் மிளகாய்ச் செடியின் இலையிலும் கொடியில் காயும் துணியிலும் கருப்பு படிவதைப் பற்றி ஆண்டுதோறும் முறையிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உடற்பயிற்சிக்காரனுக்கு இது வெறும் செய்தி அல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மனிதன் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லீற்றர் காற்றை உள்ளே இழுக்கிறான். கடுமையாகப் பயிற்சி செய்யும்போது அது அறுபதைத் தாண்டும். மூக்கு போதாமல் வாய் திறக்கிறது. மூக்கின் மயிரும் ஈரமும் வடிகட்டியிருக்கக்கூடிய தூசு நேராக நெஞ்சுக்குப் போகிறது. ஆகவே “திறந்த வெளியில், தூய காற்றில்” என்று எல்லாக் கைந்நூல்களிலும் இருக்கும் அறிவுரை இங்கே பஞ்சாங்கம் பார்த்துப் பின்பற்ற வேண்டிய ஒன்று. வாடைக் காலத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும்; கரையில் தாராளமாக ஓடலாம். சோளகத்தில் புகைபோக்கிக்கும் கரிமேட்டுக்கும் கீழ்க்காற்றில் நின்று இருநூறு பஸ்கி எடுப்பவன், வீட்டுக்குள் படுத்திருப்பவனைவிடப் பல மடங்கு சாம்பலைச் சம்பாதிக்கிறான். பையனிடம் இதைச் சொன்னேன். அப்ப எங்க செய்ற, என்றான்.

உடம்பைத் தவிர வேறெதுவும் இல்லாமல் இந்த மணலுக்கு வந்தவர்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்டவர்கள், யாழ்ப்பாண நகரத்தவருக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். ஆலங்குடாவிலும் நுரைச்சோலையைச் சுற்றியும் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. நடக்க முடிந்த தூரம், தூக்க முடிந்த பிள்ளை, சுமக்க முடிந்த குடம் என்று உடம்பின் எல்லைகளே வாழ்க்கையின் எல்லைகளாக இருந்த வருடங்கள் அவை. குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் வளர்ந்து கொண்டிருந்தபோதுதான் நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் பக்கத்தில் வந்தது.

அவர்கள் விட்டுவந்த யாழ்ப்பாணமும் அதே வருடத்திலிருந்து மின்சாரம் இல்லாமல் இருந்தது. அங்கே ஒரு காட்சி எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது: சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்பது. சைக்கிள் டைனமோ கொடுப்பது மூன்று வாட். முறைவைத்துச் சுற்றுவார்கள், சுற்றுகிறவர் சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இழுபடும். மனித வலுவால் மின்சாரம் என்ற கனவைப் பற்றி இப்போது உடற்பயிற்சி நிலையங்கள் விளம்பரம் செய்கின்றன, பெடல் மிதித்து போன் சார்ஜ் பண்ணலாம் என்று. யாழ்ப்பாணத்தவர் அதை ஐந்து வருடம் செய்து பார்த்துவிட்டார்கள். ஒரு வீட்டின் கை ஒரு செய்தியறிக்கையைக் கேட்கப் போதும். குளிர்சாதனப் பெட்டிக்குப் போதாது.

போதாது என்பதை ஒப்புக்கொண்டால்தான் பழக்கங்களைப் பற்றி நேர்மையாகப் பேசலாம். ஒரு லீற்றர் தண்ணீரை மின்கேத்தலில் கொதிக்க வைக்க ஏறத்தாழ இரண்டாயிரம் தண்டால் ஆகும். ஒரு கோப்பைத் தேயிலைக்கு நானூறு. குடிப்பதற்கு ஒருவர் இருக்கும்போது ஒரு லீற்றர் கேத்தலை விளிம்புவரை நிரப்புகிறவர் ஆயிரத்தறுநூறு தண்டாலை ஆவியாக விடுகிறார். ஏசியை ஒரு மணித்தியாலம் ஓட்டினால் சுமார் ஒரு யூனிட், இருபதாயிரம். தேவையில்லாத அறையில் எரியும் ஒன்பது வாட் பல்பு, நாம் அணைத்துவிட்டு அவ்வளவு பெருமைப்படுகிறோமே, மணித்தியாலத்துக்கு வெறும் நூற்றெண்பது. என் தலைமுறையின் சிக்கனம் முழுக்க அந்தப் பல்பில்தான் இருந்தது. பழைய குண்டு பல்பு காலத்தில் அதில் அர்த்தமும் இருந்தது.

கரிமத் தடம் என்று தனிமனிதர் ஒவ்வொருவரும் தம் பங்கைக் கணக்குப் பார்க்கும் கருவியை 2004இல் இணையத்தில் பரப்பியது பிபி என்ற எண்ணெய்க் கம்பனி. எண்ணெய் எடுப்பவர் எண்ணெய் வாங்குபவரிடம் கணக்குக் கேட்ட கதை. துணிப்பை தூக்குவது நல்லதுதான்; மதியச் சாப்பாடு சுற்றும் லஞ்ச் ஷீட்டை 2017இல் தடைசெய்ததும் நல்லதுதான்; கரைவலை மடியில் மீனைவிடப் பொலித்தீன் கூடுதலாக வரும் நாட்களைப் பார்த்தவன் இதில் கேலி செய்ய மாட்டான். ஆனால் துணிப்பைக்காரனுக்கும் கரிமேட்டுக்கும் இடையே அமைச்சும் சபையும் ஒப்பந்தமும் இருக்கின்றன. பக்கத்து மாம்புரியில் 2010இலேயே காற்றாலைகள் சுழலத் தொடங்கிவிட்டன. அதே சோளகம்தான் அவற்றையும் சுற்றுகிறது, கரித்தூசையும் கிளப்புகிறது. எதை எத்தனை கட்டுவது என்பதைத் தண்டால் எடுத்துத் தீர்மானிக்க முடியாது.

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பது இன்னொரு அறிவுரை. கற்பிட்டித் தீபகற்பத்தில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். மணலுக்குள் மழைத்தண்ணீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அதைத்தான் கிணறுகளில் இறைக்கிறோம். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பீட்ரூட்டுக்கும் போடும் உரம் மணலில் நிற்காமல் நேராக அதில் இறங்குகிறது. நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. தோட்டங்களுக்கு நடுவே உள்ள பல கிணறுகள் அதைத் தாண்டியதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். ஆகவே காசு கொடுத்து ஆர்.ஓ. தண்ணீர். அதை வடிக்க மின்சாரம். அந்தக் கான்களைச் சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவதுதான் இங்கே பல பெண்களின் உடற்பயிற்சி.

இவ்வளவுக்குப் பிறகும் நான் உடம்பின் கட்சியில்தான் இருக்கிறேன். அதற்குக் காரணம் மின்சாரம் அல்ல, தரை. கல்யாண வீட்டில் சஹன் என்ற பெருந்தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஊன்றாமல் எழுந்துபோவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். எழுபது வயதுக்காரர்களும் எழுந்தார்கள். பிரேசிலில் கிளாடியோ கில் அராவுஜோ என்ற வைத்தியர் இதையே ஒரு சோதனையாக்கினார். தரையில் உட்கார்ந்து எழ வேண்டும், பத்துப் புள்ளி, கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி குறையும். 51 முதல் 80 வயது வரையான 2,002 பேரைச் சோதித்துப் பல வருடம் தொடர்ந்து பார்த்ததில், புள்ளி குறைந்தவர்களே கூடுதலாக இறந்திருந்தார்கள். 2012இல் வந்த ஆய்வு. எங்கள் கல்யாணங்களில் மேசை நாற்காலி வந்துவிட்டது. பள்ளிவாசலில் பின்வரிசை நாற்காலிகள் வருடாவருடம் கூடுகின்றன. அவற்றில் சில ஐம்பது தாண்டாதவர்களுக்கு.

தொழுகையே சிறந்த உடற்பயிற்சி என்று பயான்களில் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அல்லாஹ்வுக்கு முன் குனிவதை முழங்கால் வைத்தியமாக விற்கத் தேவையில்லை. ஆனாலும் கடமையான பதினேழு ரக்அத்தில் முப்பத்துநான்கு தடவை நெற்றி தரையைத் தொடுகிறது என்பதும், அதற்கு முழங்கால் வேண்டும் என்பதும் கணக்கு. அந்த நாற்காலியைத் தள்ளிப்போட முடிந்தால் பையனின் பஸ்கிக்கு அதைவிட வேறு நியாயம் தேவையில்லை. பூமியை அது காப்பாற்றாது. மனிதனைத் தரையிலிருந்து எழ வைக்கும்.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. பெற்றோலும் இல்லை. பழைய சைக்கிள்கள் கொட்டிலிலிருந்து வெளியே வந்தன. அவற்றின் விலை ஏறியது. உடம்புக்கும் சுற்றாடலுக்கும் அவ்வளவு உகந்த மாதங்கள் சமீபத்தில் இல்லை; அவை திரும்பி வர வேண்டும் என்று யாரும் நேர்ந்துகொள்ளவும் இல்லை. பிறகு 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறியதாக அமைச்சர் சொன்னார். தீவு முழுக்க இருண்டது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் விழுந்துவிட்டன, எழுந்திருக்க நாட்கள் பிடித்தன. சொந்த உடம்பின் பாரத்தை மட்டும் வைத்து இந்த நாட்டில் அதிக மெகாவாட்டை அசைத்தது அந்தக் குரங்குதான்.

பையன் சோளக மாதங்களில் இப்போது வீட்டு மண்டபத்தில் பயிற்சி செய்கிறான். ஜன்னலைச் சாத்திக்கொள்கிறான், தலைக்குமேல் ஃபேன். கால் மணித்தியாலத்தில் அவன் அடிப்பது ஐம்பது டிப்ஸ். அந்தக் கால் மணித்தியாலத்தில் 75 வாட் ஃபேன் எடுப்பது முந்நூற்றெழுபத்தைந்து டிப்ஸுக்கான மின்சாரம். கணக்கை அவனிடம் சொன்னபோது, “அப்ப நிப்பாட்டவா நானா?” என்று கேட்டான். வைகாசி மாதத்தில், ஜன்னல் சாத்திய அறையில். போட்டுக்கொண்டே செய் என்றேன்.